சமூகவியலுக்கு வெங்காயத்தோல் கலர்

உத்தமபாளையத்தில் ஜெய்த்தூன் பீவியின் தையல் கடையில் ஆயிரத்து நூறு பட்டமளிப்புக் கவுன்கள் தொங்குகின்றன. எல்லாம் கறுப்பு. தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவில் எந்தக் கல்லூரியில் பட்டமளிப்பு விழா நடந்தாலும், மேடையேறுகிற பிள்ளையின் தோளில் கிடப்பது அநேகமாக அவள் தைத்ததாகத்தான் இருக்கும். கட்டுக்கட்டாக வாடகைக்குப் போகும், கசங்கித் திரும்பும், துவைத்துத் தேய்த்து மறுபடி கம்பியில் ஏறும். இத்தனைக்கும் சொந்தக்காரி ஒன்றைக்கூடத் தன் தோளில் போட்டுப் பார்த்தது கிடையாது.

அப்படி ஒரு பிடிவாதம். பட்டம் வாங்காத உடம்பில் கவுன் ஏறக் கூடாது என்று அவளாகவே வைத்துக்கொண்ட சட்டம் அது. மார்க்கமும் சொல்லவில்லை, மாமியாரும் சொல்லவில்லை. அளவு பார்க்க வேண்டுமென்றால் மாரீஸ்வரியைத்தான் கூப்பிடுவாள். மாரீஸ்வரி ராயப்பன்பட்டியிலிருந்து வந்து ஒன்பது வருஷமாக அந்தக் கடையில் காஜா எடுக்கிறவள், படிப்பு எட்டாவது. அவளுக்கு இந்தச் சட்டதிட்டமெல்லாம் கிடையாது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஒவ்வொன்றையும் மாட்டி, தொப்பியையும் வைத்து, செல்போனில் படம் பிடித்துக்கொள்வாள். அவள் போனைத் திறந்து பார்த்தால் இந்த ஜில்லாவில் அவளைவிடப் படித்தவர் யாரும் இல்லை என்று தோன்றும்.

தொழில் கைக்கு வந்தது ஒரு அவசரத்தில். பதினான்கு வருஷத்துக்கு முன்பு வரை ஜெய்த்தூனுக்கு ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபாரமும்தான் பிழைப்பு. பக்கத்தில் புதிதாக முளைத்திருந்த ஒரு கல்லூரி தன் முதல் செட் பிள்ளைகளுக்கு விழா வைத்தது. கவுன் கொண்டுவருவதாகச் சொன்ன வெளியூர்க்காரர், விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த சீனிச்சாமி வியர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்து நின்றார். கையில் மாதிரிக்கு ஒரு பழைய கவுன். அதோடு, பல்கலைக்கழகத்தின் கலர் பட்டியல் என்று ஒரு ஜெராக்ஸ் தாள்.

உடம்புக்கு எல்லாருக்கும் கறுப்புதான். கழுத்தைச் சுற்றி முன்னால் தொங்குகிற சாட்டின் பட்டை மட்டும் படிப்புக்குத் தகுந்த கலரில் இருக்கும். அந்தத் தாளில் ஆறு வரி இருந்தது. கலை சிவப்பு, அறிவியல் நீலம், வணிகவியல் மஞ்சள், மேலாண்மை ஆரஞ்சு, கணினி பச்சை, கல்வியியல் வெள்ளை. கல்லூரியிலும் அப்போது ஆறே பாடங்கள்: தமிழ், கணிதம், பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.எட். ஆறு வரிக்கு ஆறு பாடம். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி பொருந்திப்போனது. கலை என்றால் தமிழ், அறிவியல் என்றால் கணிதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்படியில்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

அடுத்த வருஷம் வேறொரு கல்லூரி கேட்டது. அங்கே ஆங்கிலம் இருந்தது, இயற்பியல் இருந்தது. தாளில் அந்தப் பெயர்கள் இல்லை. ஜெய்த்தூன் சீனிச்சாமிக்குப் போன் போட்டு, ஆங்கிலத்துக்கு என்ன கலர் என்று விசாரித்தாள். அவர் அப்போது தேர்வுக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார். அவளே பார்த்து நல்லதாக ஒன்றைப் போட்டுவிடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே சிவப்பைப் போட்டால் திரும்பி வரும்போது எது எந்த வகுப்புக் கட்டு என்று பிரிப்பது பெரும்பாடு. ஆகவே ஆங்கிலத்துக்கு அரக்கு. இயற்பியலுக்கு மயில்கழுத்து. ஒரு பாடத்துக்கு ஒரு கலர், ஒன்றுக்கு வைத்ததை இன்னொன்றுக்கு வைப்பதில்லை. இப்படித்தான் அந்த வழக்கம் உண்டானது.

அதற்குப் பிறகு பாடங்கள் மழைக்கால ஈசலாகப் புறப்பட்டன. நுண்ணுயிரியல் வந்தது, அதற்கு யானைக் கலர் கொடுத்தாள். சுற்றுலாவுக்குக் கிளிப்பச்சை. உணவு அறிவியலுக்கு மாம்பழக் கலர். உளவியல் என்று ஒன்று வந்தபோது மனசு சம்பந்தப்பட்ட படிப்பு என்று சொன்னார்கள்; மனசைப் போலக் குழப்பமாகவே இருக்கட்டும் என்று நீலத்திலும் சேராத சிவப்பிலும் சேராத கத்தரிப்பூவை வைத்தாள். பி.காம். ஒன்றாக இருந்தது கணினியோடு ஒன்று, வங்கியோடு ஒன்று, வரியோடு ஒன்று என்று பாகப்பிரிவினை ஆகிக் கொண்டே போனது. எலுமிச்சை மஞ்சள், சாமந்தி மஞ்சள், பருப்பு மஞ்சள் என்று அவளும் ஈடுகொடுத்தாள். ஆடை வடிவமைப்புக்குக் காப்பிக்கொட்டைக் கலர் வைத்ததற்கு ஐந்து பெண்கள் கடைக்கே வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் படிப்பே அதுதான் என்பதால் அந்த ஒரு தடவை மட்டும் விட்டுக்கொடுத்துச் செம்பருத்திச் சிவப்பாக மாற்றினாள்.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு உண்டு. இடது பக்கம் பாடத்தின் பெயர், வலது பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டி ஊக்கு குத்திய துணித் துண்டு. போன கணக்குப்படி அறுபத்திரண்டு பாடம். பல்கலைக்கழகம் சொன்னது ஆறு, மீதி ஐம்பத்தாறும் ஜெய்த்தூன் சொன்னது. ஒரு கல்லூரியைப் பார்த்து இன்னொரு கல்லூரி அதையே கேட்டது. சீனிச்சாமியின் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போய், வருஷா வருஷம் அடிக்கிற பிராஸ்பெக்டஸில் ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் சின்னக் கட்டம் போட்டு அந்தக் கலரை நிரப்பிவிட்டது. எந்தப் படிப்பு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, உளவியல் கலையா அறிவியலா என்று பெரிய இடங்களில் பெரியவர்கள் தீர்மானிக்கிற விஷயம், இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தையல் மிஷினுக்குப் பின்னால் தீர்மானமானது.

ஊர்க்காரர்கள் அவளிடம் யோசனை கேட்க வருவார்கள். தேவாரத்திலிருந்து ஒச்சாண்டி என்கிற விவசாயி மகள் யுவராணியைக் கூட்டிக்கொண்டு வந்து, பிள்ளையை எதில் சேர்த்தால் தேவலை என்று கேட்டார். ஜெய்த்தூன் அறிவுரை சொல்லுகிற ரகமில்லை. நோட்டைப் புரட்டிக் காட்டினாள். மயில்கழுத்து போன வருஷம் நாற்பத்தொன்று போனது, இந்த வருஷம் பதினேழுதான். சாமந்தி மஞ்சள் எழுபதிலிருந்து நூற்றிருபது ஆகிவிட்டது. யானைக் கலர் ஒரே நிலையில் நிற்கிறது. அவளுக்குத் தெரிந்த புள்ளிவிவரம் அவ்வளவுதான். ஒச்சாண்டி திராட்சை விலை கேட்டு முடிவெடுக்கிற மனிதர், அவருக்கு அது போதுமானதாக இருந்தது. யுவராணி சாமந்தி மஞ்சளில் சேர்ந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, ஜெய்த்தூனும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பின்னாளில் அவளுக்குத் தோன்றியது.

ஏனென்றால் அவளையும் யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஆயிரத்து இருநூறுக்குத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு வாங்கினாள். விலங்கியல் படிக்க விண்ணப்பம் போட்டு, வரச்சொல்லிக் கார்டும் வந்தது. அதே வாரத்தில் மாமன் மகன் ஷரீபுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். கார்டு அலமாரியில் இருந்தது, அவள் அடுப்படியில் இருந்தாள். அதற்காக அழுது வடிந்ததாக அவள் சொல்ல மாட்டாள். ஷரீப் நல்ல மனிதர். கம்பத்திலிருந்து கேரளா ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறார். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார். மகள் ரஃபியா மருந்தியல் படித்துக் கட்டிக்கொண்டு போய்த் திருப்பூரில் இருக்கிறாள். அவள் பட்டம் வாங்கியபோது கவுனை ஊக்கு குத்தி நேராக்கி விட்டதும் ஜெய்த்தூன்தான்.

கொரோனா வந்து கல்லூரிகளைச் சாத்தினார்கள். குமுளிப் பாதையை அடைத்தார்கள். ஷரீபின் ஜீப் வீட்டு வாசலில் நின்றது, ஆயிரத்து நூறு கவுனும் பிளாஸ்டிக் உறைக்குள் நின்றன. இரண்டு வருஷம் ஒரு பட்டமும் கிடையாது. அந்துருண்டை மாற்றுவதைத் தவிர வேலையில்லாமல் இருந்த ஒரு நாளில், தானும் படித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஊர் திறந்ததும் தேனிக்குப் பஸ் ஏறி, தொலைநிலைக் கல்வி மையத்தில் போய் நின்றாள். அங்கிருந்த பெண் எந்தப் பாடம் என்று கேட்டாள். அறுபத்திரண்டு பாடத்துக்குக் கலர் வைத்தவளுக்கு வாயில் ஒரு பாடத்தின் பெயர் வரவில்லை. பாடங்களின் விவரப் புத்தகத்தைக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

நாலு நாள் அந்தப் புத்தகத்தையும் தன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விலங்கியல் அதில் இல்லை. தவளையைத் தபாலில் அறுக்க முடியாது. ஆங்கிலம் என்றால் பயம். தமிழ் தெரிந்ததுதானே என்று ஒரு அலட்சியம். வணிகவியலில் எந்த மஞ்சள் என்று முடிவு செய்வதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும். பொருளியல் வேண்டாம், டீசல் விலையைப் பற்றி ஷரீப் பேசுகிற அந்த இரண்டு வார்த்தையே வீட்டுக்குப் போதும். கடைசியில் சமூகவியல் என்று ஒன்றில் அவள் விரல் நின்றது. நோட்டை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை புரட்டினாள். அதற்குத் துண்டு இல்லை. அவளிடம் கவுன் எடுக்கிற எந்தக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு இல்லை. அப்படியானால் அதற்குக் கலர் வைக்க வேண்டியவள் அவள், முதலில் போட்டுக்கொள்ளப் போகிறவளும் அவள்.

அதற்காகத்தான் சேர்ந்தாள். மேலே பூச்சு வேலை எதுவும் வேண்டாம், உண்மை அதுதான். வேலைக்காகப் படிக்கிறவர்கள் உண்டு, கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்காகப் படிக்கிறவர்கள் உண்டு. கழுத்துப் பட்டைக்காகப் படித்தவள் ஜெய்த்தூன் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். தான் கலர் வைத்த பட்டையோடு ஒரு தடவை மேடையேற வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளிடம் இல்லை.

கலர் எது என்று முடிவு செய்ய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. வெங்காயத்தோல் கலர். ரோஸும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல், உள்வெங்காயத்தின் இரண்டாவது தோலில் மினுங்குமே, அது. ஐம்பத்தாறு பாடத்துக்குத் துணி தேடியபோதும் அந்தக் கலரை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அது அவளுக்குப் பிடிக்கும், வேறு காரணம் கிடையாது. கம்பத்துக் கடைவீதியில் இரண்டு மீட்டர் சாட்டின் வாங்கி, பாடப் புத்தகங்களுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

படிப்பு அவள் நினைத்த மாதிரி இல்லை. நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. உறவுமுறை என்று ஒரு பாடத்தில் தாய்மாமன் மகனைக் கட்டுவதைப் பற்றி நாலு பக்கம் இருந்தது. தன் கல்யாணத்துக்கு ஒரு பெயரும் விளக்கமும் இருப்பதை அவள் ஷரீபுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "மார்க்கு எம்புட்டுக் குடுப்பாக?" என்றார். பத்துக்கு ஏழு கிடைத்தது. கடைக்கு வருகிறவர்கள் பேசுகிற பேச்சை அவள் கூர்ந்து கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

புள்ளியியல்தான் காலை வாரியது. கவுன் எண்ணிக்கையை விரல்நுனியில் வைத்திருந்தவள் அந்தப் பேப்பரில் இரண்டு தடவை தோற்றாள். முதல் தடவை பதினெட்டு மார்க், இரண்டாம் தடவை இருபத்தொன்பது. மாரீஸ்வரி ஆறுதல் சொல்ல வந்து, எட்டாம் வகுப்பில் தானும் கணக்கில்தான் தோற்றதாகச் சொன்னாள். ஜெய்த்தூனுக்கு அது ஆறுதலாக இல்லை, எரிச்சலாக இருந்தது. மூன்றாம் தடவை நோட்டிலிருந்த சாமந்தி மஞ்சள் கணக்கையும் யானைக் கலர் கணக்கையும் வைத்துச் சராசரி, இடைநிலை எல்லாம் போட்டுப் பழகினாள். நாற்பத்துநாலு வாங்கித் தேறினாள். முடிவு வந்த அன்று கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் தலைவலி வந்துவிட்டது.

பட்டம் தபாலிலும் வாங்கலாம், பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் மேடையிலும் வாங்கலாம். ரஃபியா செல்போனில் விண்ணப்பத்தை நிரப்பும்போது ஜெய்த்தூன் நேரில் என்பதை மூன்று தடவை சொல்லிச் சரிபார்த்தாள். பிறகு தனக்கான கவுனைத் தைத்தாள். ஆயிரத்து நூற்றோராவது கவுன். அளவுக்கு மாரீஸ்வரியைக் கூப்பிடவில்லை. வெங்காயத்தோல் சாட்டினை மடித்து, உள்ளே கேன்வாஸ் வைத்து, ஓரம் கைத்தையலில் முடித்தாள். பட்டையைக் கழுத்தில் போட்டு ஷரீபுக்கு முன்னால் நின்றாள். அவர் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நீ இந்தக் கலர்ல போ. எம்புட்டுக் கூட்டத்துலயும் நான் தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சுருவேன்" என்றார். அவருக்கு அது பெரிய பேச்சு.

விழா நாளில் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஷரீப் ஜீப்புக்கு லீவு விட்டிருந்தார். அரங்கத்துக்கு வெளியே பந்தல் போட்டு, மேடையேறுகிறவர்களின் உடையைச் சரிபார்க்க ஒரு மேஜை வைத்திருந்தார்கள். ஜெய்த்தூன் பெண்கள் வரிசையில் நின்று, முக்காட்டுக்கு மேல் தொப்பி நழுவாமல் இருக்க உள்ளே இரண்டு ஊக்கு குத்திக்கொண்டாள். நூறு பெண்களுக்குச் செய்துவிட்ட வேலை, அன்று தனக்கே செய்துகொண்டாள். பின்னால் நின்ற பெண்ணின் கவுன் தையலைப் பார்த்தாள். தோளில் சுருக்கம் விழுந்திருந்தது.

மேஜையில் இருந்த அலுவலர் ரஃபியா வயதுப் பெண். பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டாள். சமூகவியல் என்றாள் ஜெய்த்தூன்.

"அது கலையில வரும்மா. சிவப்புதான் போடணும்" என்றாள் அந்தப் பெண், மரியாதையாகவே. எதிரே ஒட்டியிருந்த தாளையும் காட்டினாள்.

ஜெய்த்தூனுக்குத் தெரிந்த தாள்தான். கலை சிவப்பு, அறிவியல் நீலம், வணிகவியல் மஞ்சள். அதே ஆறு வரி. ஆனால் இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் இருந்தது. அதே தாளின் மறுபக்கம் அது; இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி இரண்டு பிரதியை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் பாடங்கள் அத்தனையும் பொடி எழுத்தில், ஆறு கலருக்குக் கீழே ஆறு பத்தியாக இருந்தன. ஆங்கிலம் சிவப்பில் இருந்தது. இயற்பியல் நீலத்தில் இருந்தது. உளவியலும் நீலத்தில்தான். சுற்றுலா ஆரஞ்சில். பி.காம். எத்தனை துண்டானாலும் மஞ்சள் ஒன்றேதான். பதினான்கு வருஷத்துக்கு முன்பு சீனிச்சாமி அவசரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். ஆறு பாடம்தானே, அந்த ஒரு பக்கமே போதுமாக இருந்தது.

அவள் விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை முழுக்க வாசித்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. ஐம்பத்தாறு பாடத்தில் ஒன்றுகூட அவள் வைத்த கலரில் இல்லை. கம்பத்திலும் கடமலைக்குண்டிலும் வீட்டுச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற படங்கள் அவள் கண்முன் வந்தன. கிளிப்பச்சையில், கத்தரிப்பூவில், யானைக் கலரில் சிரித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள். அவமானமாக இருந்தது. பந்தலில் யாருக்கும் அவளைத் தெரியாது, அப்படியும் முகம் சுட்டது.

அவள் வாதாடவில்லை. பட்டையைக் கழற்றி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர்கள் கொடுத்த சிவப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டாள். தையல் சுமார்தான். பெயரை வாசித்தார்கள், ஏறினாள், வாங்கினாள், இறங்கினாள். எல்லாம் பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியும் அவள் மனசு மேடையில் இல்லை, பைக்குள் இருந்தது.

அரங்கத்தின் பார்வையாளர் மாடியில் ஷரீப் வெங்காயத்தோல் கலரைத் தேடிக்கொண்டிருந்தார். கலைப் பிரிவில் முந்நூறு பேர், முந்நூறும் சிவப்பு. பெயர் வாசிப்பது ஒலிபெருக்கியில் தெளிவாக இல்லை. முக்காடு போட்டவர்கள் ஏழெட்டுப் பேர் அடுத்தடுத்து வந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பேரைப் படம் பிடித்திருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்றுகூட ஜெய்த்தூன் இல்லை.

உசிலம்பட்டி தாண்டியதும் அவள் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "பதினாலு வருசமா தப்பாப் போட்டுருக்கேன்" என்றாள்.

"யாரும் கேக்கலயே" என்றார் ஷரீப்.

யாரும் கேட்காததுதான் அவளுக்குச் சுட்டது. ஆயிரம் ஆயிரம் பிள்ளைகள், அத்தனை பேராசிரியர்கள், மாலை போட்டுக்கொண்டு வந்து போன சிறப்பு விருந்தினர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டில் எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சீனிச்சாமியைக் கடைக்கு வரச்சொல்லி, செல்போனில் பிடித்து வந்திருந்த மறுபக்கத்தைக் காட்டினாள். எல்லாப் பட்டையையும் மாற்றித் தைத்துத் தருவதாகவும், தப்பு தன்னுடையது, கூலி வேண்டாம் என்றும் சொன்னாள். சீனிச்சாமி இப்போது அலுவலகக் கண்காணிப்பாளர். தலையில் முடி போய்விட்டது. படத்தைப் பார்த்துத் தன் தவறு எது என்று புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து போய்க் கடையின் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாத்திராதீக அக்கா. இப்பப் போயி மாத்துனா, இதுக்கு முந்தி வாங்குன பட்டமெல்லாம் செல்லாதானு பெத்தவுக சண்டைக்கு வந்துருவாக. பிராஸ்பெக்டஸ்ல வேற கட்டம் கட்டிப் போட்டுருக்கோம்."

ஊரோடு ஒத்துப் போவது என்பது இதுதான் போலிருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. பாடப் புத்தகத்தில் இதற்கும் ஒரு பெயர் இருந்தது, பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறாள். தப்பு நாலு வருஷம் நடந்தால் தப்பு, பதினாலு வருஷம் நடந்தால் வழக்கம். கல்லூரிகள் அவள் கொடுத்த கலரிலேயே விழா நடத்தின. பள்ளத்தாக்கு முழுக்க எல்லாருக்கும் அவள் வைத்த கலர், அவளுக்கு மட்டும் மற்றவர்கள் வைத்த கலர். மாரீஸ்வரி இதைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டாள். வெங்காயத்தோல் பட்டை நாலாக மடித்தபடி நோட்டுக்கு அடியில் கிடந்தது. சட்டத்தில் மாட்டுவதற்குப் படம் எதுவும் இல்லாததால், பட்டச் சான்றிதழை மட்டும் மாட்டினாள். அதில் கலர் கிடையாது.

அடுத்த ஏப்ரலில் ஒரு மத்தியானம் சீனிச்சாமி போன் செய்தார். பின்னால் அச்சு மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, வர்ற வருசம் நம்ம காலேஜ்ல ஒரு பாடம் புதுசா வருது. சமூகவியல். பிராஸ்பெக்டஸ் அச்சுல நிக்கிது, கட்டத்துக்கு என்ன கலருனு கேக்குறாக."

ஜெய்த்தூனுக்குச் சரியான விடை தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் அதை அவளைவிட நிச்சயமாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. சிவப்பு அவள் கழுத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. எதிரே மாரீஸ்வரி காஜா எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"வெங்காயத்தோல் கலரு தம்பி. துண்டு வெட்டிக் குடுத்து விடுறேன்" என்றாள்.

நோட்டுக்கு அடியிலிருந்த பட்டையை எடுத்து விரித்தாள். மடிப்புத் தடம் போக ஒரு தடவை தேய்த்தாள். ஓரத்திலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை அச்சகத்துக்கு என்று காகிதத்தில் மடித்து வைத்தாள். இன்னொன்றை நோட்டில் அறுபத்து மூன்றாவதாக, சமூகவியல் என்று எழுதி அதற்கு நேரே ஊக்கு குத்தினாள். தெரியாமல் வைத்தது ஐம்பத்தாறு. தெரிந்தே வைத்தது இது ஒன்றுதான்.